பிள்ளையில்லா வீடும் விந்து தானமும்: எந்த முறை யாருக்கு ஏற்றது?



போன இதழில் இனிப்பு நீர் வியாதியைப் பற்றி எழுதினேன். இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயம். பெரட்டுக் களத்தில் நாலு பேர் முன்னால் பேச முடியாத விஷயம். ஆனால் எழுதாமல் விட்டால் நம் பெண்கள்தான் அழிகிறார்கள். ஆகவே கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தம்பதி. பெயர் வேண்டாம். அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அந்த அம்மா உரம் போடும் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. வளைகாப்பு வீட்டுக்கு அந்த அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. மாமியார் வாயில் "மலடி" என்ற சொல் வராத நாள் இல்லை.

அந்த அம்மா மாதா மாதம் என்னிடம் வருவார். நானும் இரும்புச் சத்து மாத்திரை, வைட்டமின் என்று இரண்டு வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் புருஷனை ஒரு நாள்கூட உட்கார வைத்து, "நீங்கள் பரிசோதனை செய்தீர்களா?" என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கும் அதே தப்பைச் செய்தது. ஸ்கேன், இரத்தச் சோதனை, குழாய்ச் சோதனை என்று அந்த அம்மாவின் சேமிப்பு கரைந்தது. புருஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர்தான் கேட்டார். இவர் சும்மா போய்விடவில்லை. "எனக்கென்ன குறை? நாளைக்கு ஒன்றரை டன் குலை வெட்டுறவன் நான்" என்று சண்டை. பிறகு போனார். முடிவு: விந்தில் உயிரணு பூஜ்யம். மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் பூஜ்யம்.

அன்று இரவு என் வீட்டுக்கு வந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "டிரஸர் ஐயா, எவனோ ஒருத்தன் விந்தை வச்சு பிள்ளை உண்டாக்கலாம்னு சொல்றாங்க. அது எப்படி? ஊசியா, ஆபரேஷனா? அவ இன்னொருத்தன்கூட போன மாதிரி ஆகாதா?"

எனக்கு அன்றைக்கு முழுப் பதில் தெரியாது. படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். பிறகு அவருக்குச் சொன்னதைத்தான், அவர்கள் இருவரின் சம்மதத்தோடு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆணுக்கும் பரிசோதனை

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறைக்கும் பங்கு உண்டு. இருந்தும் நம் லயங்களில் பழி முழுவதும் பெண் தலையில்தான்.

ஆண்மை வேறு, உயிரணு வேறு. உடம்பு திடகாத்திரமாக இருக்கலாம், தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம், விந்தும் வழக்கம்போல் வரலாம். ஆனால் அதில் உயிரணு இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்தான் சொல்லும். நூறு ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு உயிரணுவே இருக்காது.

பரிசோதனை சுலபம். இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை சேர்க்கையில்லாமல் இருந்து, கொடுக்கும் டப்பாவில் முழுவதையும் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். சோப்பு, எண்ணெய் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு இருப்பதை 2021-ல் வந்த உலகச் சுகாதார நிறுவனக் கையேடு கீழ்மட்ட அளவாகச் சொல்கிறது. குறைந்தால் உடனே பயப்படாதீர்கள். காய்ச்சல் வந்து போனாலும் குறையும். மறுபடி பார்க்க வேண்டும்.

காரணங்கள் பல. வயது வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரைக்கு இறங்கினால் கெடலாம். சிறுவயதில் விரை கீழே இறங்காமல் இருந்திருக்கலாம். பால்வினை நோயால் குழாய் அடைத்திருக்கலாம். பிறவிக் காரணமும் உண்டு. நம் தோழருக்குப் பதினேழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது.

"மருந்தடிச்சதால வந்ததா ஐயா?" என்றும் அவர் கேட்டார். அவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா தொழிற்சாலை ஆண்களுக்கு உயிரணு அழிந்துபோனது 1977-ல் தெரிய வந்தது. தங்களுக்குள் பேசி, "நமக்கு ஏன் பிள்ளை இல்லை?" என்று முதலில் கேட்டவர்கள் தொழிலாளர்களே. அதே மருந்தைப் பயன்படுத்திய கோஸ்டாரிக்கா வாழைத் தோட்டத் தொழிலாளர்களும் மலடானார்கள். அமெரிக்கா 1979-ல் அதைப் பெரும்பாலும் தடை செய்தது. மருந்தடிப்பவர்கள் கையுறை, முகமூடி, குளிக்க இடம் கேட்பது சொகுசு அல்ல, உரிமை.

தானம் முதல் வாசல் அல்ல

உயிரணு இல்லை என்றதும் தானத்துக்கு ஓட வேண்டாம். விரையில் உற்பத்தி இருந்து, வழியில் அடைப்பு மட்டும் இருந்தால், விரையிலிருந்தே உயிரணுவை எடுக்கலாம். ஒரே ஒரு உயிரணுவை ஒரு முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறையில் (இக்ஸி) பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்தி 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு, முன்பு தானத்தை நம்பியிருந்த பல ஆண்கள் சொந்தப் பிள்ளைக்கே தகப்பனாக முடிந்தது. செலவு அதிகம், நிச்சயமும் இல்லை. ஆனாலும் டாக்டரிடம், "என் சொந்த உயிரணு கிடைக்க வழி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி.

நம் தோழருக்கு அதுவும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

இது புதிய விஷயமா?

மகாபாரதக் கதை நமக்குத் தெரியும். வம்சம் நிற்கக் கூடாது என்று வியாசர் மூலம் பிறந்தவர்கள்தான் திருதராட்டிரனும் பாண்டுவும். அந்தப் பாண்டுவே பிறகு குந்தியிடம் வேறு வழியில் பிள்ளை பெறச் சொன்னான். அந்தப் பிள்ளைகளைப் "பாண்டவர்" என்றுதான் உலகம் சொல்கிறது.

மருத்துவச் சரித்திரத்தில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு டாக்டர், ஒரு பெண்ணை மயக்கத்தில் வைத்து, ஒரு மருத்துவ மாணவரின் விந்தைச் செலுத்தினார். பிள்ளை பிறந்தது. புருஷனுக்குப் பின்னால் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவே இல்லை. 1909-ல்தான் விஷயம் பத்திரிகையில் வெளியானது. சம்மதம் இல்லாமல் செய்வது சிகிச்சை அல்ல, அநியாயம்.

1949-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைந்தும் சாகாது என்று கண்டுபிடித்தார்கள். 1953-ல் உறைய வைத்த விந்தால் முதல் கர்ப்பங்கள் உண்டாயின. இப்போது திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் வைக்கிறார்கள்.

உறைய வைப்பது வசதிக்கு மட்டும் அல்ல. 1985-ல் ஆஸ்திரேலியாவில் தான விந்து மூலம் நான்கு பெண்களுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது தெரிய வந்தது. அதற்குப் பிறகு, விந்தை உறைய வைத்து ஆறு மாதம் பூட்டி வைத்து, கொடுத்தவரின் இரத்தத்தை மறுபடி சோதித்து, சுத்தம் என்றால்தான் வெளியே விடும் வழக்கம் வந்தது. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், வெட்டை எல்லாம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தலசீமியா குறையுள்ளவர்கள் நிறைய, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று முறைகள்

பெண்ணுக்கு மாதா மாதம் முட்டை வெளிப்பட வேண்டும், கருக்குழாய் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். இவை இரண்டும் சரியென்றால் முதல் இரண்டு முறைகளும் பயன்படும். இல்லையென்றால் பணம்தான் வீண். ஆகவே குழாய்ச் சோதனையை முன்னாலேயே செய்வது நல்லது.

ஒன்று: கருப்பை வாயில் வைப்பது. உறைந்த விந்தை உருக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் கருப்பை வாயருகே விடுவார்கள். இயற்கைச் சேர்க்கையில் விந்து விழும் இடம் அதுதான். கழுவத் தேவையில்லை. வலி இல்லை, செலவு குறைவு, சில நிமிடத்தில் முடியும். குறை என்னவென்றால், உயிரணு கருப்பை வாய்ச் சளியைத் தானே நீந்திக் கடக்க வேண்டும். உறைந்து உருகிய உயிரணுவில் பல செத்துப் போயிருக்கும், மிச்சமும் களைத்திருக்கும்.

இரண்டு: கருப்பைக்குள்ளே வைப்பது. இதைத்தான் டாக்டர்கள் ஐ.யு.ஐ. என்பார்கள். லேபில் விந்தைக் கழுவி, நீந்தும் உயிரணுக்களை மட்டும் பிரித்து, அரை மில்லி லிட்டர் அளவில், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மூலம் கருப்பைக்குள் விடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம். மாதவிடாய் வலி மாதிரி இலேசாக இருக்கலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒன்றை மறக்காதீர்கள்: கழுவாத விந்தைக் கருப்பைக்குள் விடவே கூடாது. அதிலுள்ள பொருட்கள் கருப்பையைக் கடுமையாக முறுக்கும், கிருமியும் உள்ளே போகும்.

மூன்று: சோதனைக் குழாய் முறை, அதாவது ஐ.வி.எஃப். ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, லேபில் தான உயிரணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பார்கள். இந்த முறையில் முதல் குழந்தை 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டு குழாயும் அடைத்தவர்களுக்கும், வயது ஏறியவர்களுக்கும், மற்ற முறை பல தடவை தோற்றவர்களுக்கும் இதுதான் வழி. ஒரு தடவைக்குக் கிடைக்கும் வாய்ப்பு இதில்தான் கூடுதல். செலவும் இதில்தான் மிகக் கூடுதல். ஊசியால் முட்டைப்பை அளவுக்கு மீறி வீங்கி ஆபத்தாகும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு.

அப்படியானால் முதல் இரண்டில் எது நல்லது? பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2013-ல், தான விந்துக்குக் கருப்பை வாய் முறையைவிடக் கருப்பைக்குள் வைப்பதே மேல் என்று சொன்னது. ஆனால் 2018-ல் எல்லா ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, உயிரோடு பிள்ளை பிறப்பதில் தெளிவான வித்தியாசம் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே, "இதுதான் நூற்றுக்கு நூறு" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நடைமுறையில் பெரும்பாலான நிலையங்கள் கருப்பைக்குள் வைப்பதையே செய்கின்றன.

முறையைவிட நாள் முக்கியம். உடம்புக்குள் புது விந்தணு ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். உறைந்து உருகியது அவ்வளவு நேரம் தாங்காது. முட்டையோ வெளிப்பட்டு ஒரு நாள்தான். சிறுநீர்ச் சோதனைக் குச்சியில் எல்.எச். ஏறியது தெரிந்தால், ஒன்றிலிருந்து ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிப்படும். மறுநாள் விந்து வைப்பார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இங்கேதான் சிக்கல். திடீரென்று "நாளைக்கு வா" என்பார்கள். மண்டோரிடம் லீவு கேட்க வேண்டும், பட்டணத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். முன்கூட்டியே மருத்துவ விடுப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தடங்கல் வந்தால் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை.

எத்தனை தடவை?

ஒரே தடவையில் பலிக்கும் என்று கோவிலில் நேர்ந்துகொள்ளாதீர்கள். பொதுவாக ஒரு தடவைக்குப் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோதான் கருத்தரிப்பார்கள். பிரான்ஸில், உயிரணு இல்லாத கணவர்களை உடைய 2,193 பெண்களைக் கவனித்து 1982-ல் வெளியிட்ட கணக்கு இது. பன்னிரண்டு மாதச் சுற்று விடாமல் செய்தால், முப்பது வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 73, 74 பேர். 31 முதல் 35 வயதில் நூற்றுக்கு 61 பேர். 35-க்கு மேல் 54 பேர்.

இதில் இரண்டு பாடம். பொறுமை வேண்டும் என்பது ஒன்று. பெண்ணின் வயது காத்திருக்காது என்பது இரண்டு. ஒன்பது வருஷம் பெண்ணை மட்டும் குறை சொல்லிக் கழித்தால், அந்த ஒன்பது வருஷத்தை எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது. ஆறு தடவை வரை பார்த்துவிட்டுப் பிறகு சோதனைக் குழாய் முறையைப் பற்றிப் பேசலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டியின் கணக்கு.

காகிதம், காசு, எச்சரிக்கை

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை சட்டப்படி கல்யாணம் செய்தவர்களுக்குத்தான். முஸ்லிம்களுக்கு ஃபத்வாப்படி தான விந்து அனுமதியில்லை. நம் தோட்டங்களில் கோவிலில் தாலி கட்டிவிட்டு, பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இன்றும் உண்டு. 1976-ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நிலையத்துக்குப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. செல்லத்தக்க கல்யாணம் நடப்பில் இருக்கும்போது மனைவிக்குப் பிறக்கும் பிள்ளையைக் கணவனின் சட்டப்பூர்வப் பிள்ளையாகவே 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆகவே பதிவுதான் பிள்ளைக்கும் பாதுகாப்பு. இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்குகிறவருக்கு இது பெரிய செலவு. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க 2020 வரவு செலவுத் திட்டத்தில் வழி திறந்தார்கள். உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று பணம் கட்டுமுன் சேமநிதி அலுவலகத்தில் கேளுங்கள். குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் நூர் செஜாத்ரா கிளினிக்குகளில் ஆலோசனை கேட்கலாம். நிலையத்தில், "ஒரு தடவைக்கு மொத்தம் எவ்வளவு? மருந்து, விந்து, ஸ்கேன் எல்லாம் சேர்த்தா?" என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது கைபேசியில், "நான் இலவசமாகத் தருகிறேன்" என்று சிலர் வருகிறார்கள். போகாதீர்கள். கிருமிச் சோதனை இல்லை, சம்மதப் பத்திரம் இல்லை, நாளை பிள்ளைக்கு உரிமை கேட்டு வந்தால் தடுக்க வழியில்லை. நெதர்லாந்தில் ஒரே ஆள் கொடுத்ததால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்து, 2023-ல் நீதிமன்றம் அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று. சொந்தக்காரர்களிடமே வாங்கி வீட்டிலேயே சிரிஞ்சால் செய்வதும் வேண்டாம். நாளை சொத்துச் சண்டையில் அது தெருவுக்கு வரும்.

நல்ல நிலையத்திலும் கவனம் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், கணவனின் விந்துக்குப் பதில் வேறொருவரின் விந்தைச் சேர்த்துவிட்டதால், 2010-ல் பிறந்த பிள்ளை தகப்பனுக்குச் சம்பந்தமில்லாமல் போனது. 2017-ல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், பிள்ளையை வளர்க்கும் செலவில் நூற்றுக்கு 30 பங்கை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது. ஆகவே குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் உங்கள் முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பிள்ளைக்குச் சொல்வதா?

சுவீடன் நாடு 1985-லேயே, வளர்ந்த பிள்ளைக்குத் தானம் கொடுத்தவர் யார் என்று அறியும் உரிமை கொடுத்தது. பிரிட்டன் 2005 முதல். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒருவரின் விந்தை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் கொடுக்கலாம். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் இக்காலத்தில் எச்சில் சோதனையிலேயே பரம்பரை தெரிந்துவிடுகிறது. பிறத்தியார் வாயால் கேட்பதைவிடப் பெற்றவர் வாயால் கேட்பது மேல் என்பது என் எண்ணம். இதைச் சிகிச்சைக்கு முன்னாலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

அந்தத் தோழர் கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: "உங்க சம்சாரம் யாரோடும் போகல. டாக்டர் கையில ஒரு குழாய், நர்ஸ் பக்கத்துல, நீங்க தலைமாட்டுல. அவ்வளவுதான். அவங்க கையை நீங்க பிடிச்சுக்கணும்."

அவர்கள் கருப்பைக்குள் வைக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். மூன்று தடவை ஆகிவிட்டது, இன்னும் பலிக்கவில்லை. நான்காவதுக்குப் பணம் சேர்க்கிறார்கள். பலிக்குமா, தெரியாது. பலிக்காவிட்டால் ஒரு பிள்ளையைத் தத்து எடுப்பது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று பலித்துவிட்டது. போன தீபாவளிக்கு மாமியார் வழக்கம்போல் அந்தச் சொல்லை எடுத்தாராம். இவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து, "அம்மா, குறை அவளுக்கு இல்ல, எனக்கு. இனிமே அந்த வார்த்தையைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி" என்றாராம். அந்த அம்மா மறுநாள் என் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். மாத்திரை வாங்க வரவில்லை. அதைச் சொல்ல மட்டுமே வந்தார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை இல்லையென்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வாருங்கள். ஆண் தோழர்களே, பெஞ்சில் உட்காராமல் உள்ளே வாருங்கள். உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். அங்கே பேசியது வெளியே போகாது.